ஊறிய நிறம்

தோலுக்கு இரண்டு விதமாக நிறம் ஏற்றலாம். மேலே கெட்டியாகப் பூசி மூடலாம். மெல்லிய சாயத்தை உள்ளே ஊறவிடலாம். புதுச்சேரியில் பை தைக்கும் பட்டறைகளில் என் உழைப்புக்காலம் கழிந்தது. ஊறவிடும் வழியைத்தான் நம்புகிறேன். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

சாயம் இந்தக் கரையின் பழைய பிழைப்பு. அவுரியில் தோய்த்த நம் நீலத்துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் செனகல் வரை கொண்டுபோய், அங்கே கோந்துக்கு மாற்றினார்கள். தோல் பிற்பாடு வந்தது. 1978-ல் திலீப் கபூர் இங்கே சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், மரப்பட்டையால் பதனிட்ட தோலை அதன் இயல்பான முகத்தோடு பையாக்கி வெளிநாட்டுக் கடைகளுக்குக் கொண்டுசென்றது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகுப் பகுதி இறுக்கம். சாயத்தை நிதானமாகத்தான் குடிக்கும். வயிற்றுப் பகுதி தளர்வு. துணி பட்டவுடன் உறிஞ்சிக் கறுத்துவிடும். முள் கீறிய இடம், நுகத்தடி உராய்ந்த இடம், உண்ணி கடித்த இடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிறம் பிடிக்கும். கெட்டிப் பூச்சு இவை அத்தனையையும் மறைத்து, பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் மடிப்பில் முதலில் வெடிப்பதும் அந்தப் பூச்சுதான். கடனையும் நோயையும் மறைத்துப் பேசி முடித்த சம்பந்தங்கள் இப்படி வெடித்ததை நம் தெருக்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வீடுகளில் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஊறவிடுவதற்குப் பொறுமை வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, தோலைச் சற்றே பதமாக்கி, பழைய பனியன் துணியில் சாயம் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறமல்ல, காய்ந்தால் வெளுக்கும். ஆகவே முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் தோல் காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அவசர ஆர்டர் என்று யார் நச்சரித்தாலும் அந்த நாட்களில் இரண்டாம் பூச்சைத் தள்ளிப்போடுங்கள். அதே தோலின் வெட்டுத்துண்டில் சோதித்துப் பார்க்காமல் பையில் கைவைக்காதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கறுப்பு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரைத் தோலில் தடவினால் பழுப்பு முதலில் சாம்பலாகும். பிறகு கண்ணெதிரே கறுக்கும். அந்தத் தண்ணீரில் கறுப்பே கிடையாது. பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் இருக்கிறது, இரும்பு அதைத் தேடிச் சேர்கிறது. குரோமில் பதனிட்ட தோலில் இந்த வித்தை பலிக்காது. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயில் தோய்த்துவிட்டு, இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக்கோடு இழுப்பதும் இதே கணக்குதான். இரும்பு மிஞ்சினால் தோல் நாளடைவில் இற்றுவிடும். அதனால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் காட்ட வேண்டும்.

கடைச்சாயம் வாங்குபவர்கள் அது எந்த வகைச் சாயம் என்று கேட்டே ஆக வேண்டும். சிலவகை அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக மாறக்கூடியவை. 1990-களில் ஜெர்மனி அவற்றைத் தடைசெய்தது; 1997-ல் இந்தியாவும் தடைசெய்தது. பையை வாங்குகிறவரின் தோளில் அது சில மணிநேரம் தொங்குகிறது. சாயம் போடுகிறவனின் நகக்கண்ணிலோ நாள் முழுக்க இருக்கிறது. தோல் வேலை செய்பவரைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்கள் இவை. அவர் கை என்ன ஆகிறது என்று கவலைப்பட்டவர்கள் குறைவு. கையுறை கொடுக்காத பட்டறையில் வேலைக்குச் சேராதே என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மீந்த சாயத்தை வாய்க்காலில் ஊற்றவும் விடமாட்டேன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுக் கரையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நம்முடையது சின்னப் பட்டறை, ஒரு கிண்ணத்துச் சாயம்தான் என்பார்கள். கிண்ணத்தில் மீந்ததை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, மேலே தேதி எழுதி வையுங்கள். அடுத்த வாரம் பையின் ஓரங்களுக்குத் தடவ அது போதும்.