எழுபது எழுத்து

பழைய ஹேன்போனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மூன்று விஷயம் கண்டிப்பாக வந்துவிடும். பாம்பு விளையாட்டு, நாள்கணக்கில் இறங்காத பேட்டரி, கீழே விழுந்து மூன்று துண்டாகப் பிரிந்தாலும் சேர்த்து வைத்தால் மறுபடி உயிர் பெறும் உடம்பு. 2017-ல் நோக்கியா 3310-ஐப் புது உருவில் மறுபடியும் கொண்டுவந்தபோது என் பல்கலைக்கழகத் தோழிகள் அதன் படத்தை ஆளுக்கு ஆள் பகிர்ந்து உருகினார்கள். அசல் 3310 வந்தது 2000-ல். அப்போது எங்களுக்கு நாலு வயசு. நாங்கள் கையில்கூடத் தொடாத ஒரு போனுக்காக ஏங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் தலைமுறையின் ஃபேஷன் வேறு. நான் படிவம் ஒன்றுக்குப் போனது 2009-ல், சுங்கை பட்டாணியில். ஐபோன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாலும் அதெல்லாம் எங்கள் தாமான் பக்கம் வரவில்லை. எங்களுக்கு உச்சம் என்றால் சோனி எரிக்சன் வாக்மன் வரிசை, பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்ட நோக்கியா 5310, மூடும்போது ‘டப்’பென்று சத்தம் போடும் மோட்டோரோலா ரேசர். அந்த ‘டப்’புக்காகவே கோபமாகப் பேசி போனை மூடும் ஓர் அக்கா எங்கள் பள்ளி பஸ்ஸில் வருவார். எதிர்முனையில் ஆள் இருந்தாரா என்பது எங்களுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் வரும், காலுறைக்குள், பென்சில் டப்பாவுக்குள், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில். ‘ஸ்பாட் செக்’ என்று தெரிந்தால் வகுப்பே ஒரு நிமிஷத்தில் கப்சிப். புளூடூத்தில் ஒரு பாட்டு அனுப்ப மூன்று நான்கு நிமிஷம் ஆகும், அதுவரை இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களும் உண்டு. போன் கடை அங்கிளிடம் மெமரி கார்டைக் கொடுத்துப் பத்து வெள்ளி நீட்டினால் புதுப்படப் பாட்டெல்லாம் ஏற்றித் தருவார். கார்டைத் திறந்து பார்த்தால் பாதி பாட்டு நாம் கேட்காததாக இருக்கும். அதையும் கேட்போம்.

படிவம் மூன்றில் பிளாக்பெர்ரி வந்தது. யாரும் யாரிடமும் நம்பர் கேட்பதில்லை, ‘பின் என்ன?’ என்றுதான் கேட்பார்கள். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தப் பின்னை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். பிபிஎம் இல்லாதவர் வகுப்பில் இருந்தும் இல்லாதவர் மாதிரிதான். அந்த பிபிஎம் 2019 மே 31-ல் மூடப்பட்டபோது எங்கள் வகுப்புக் குழுவில் அழுகிற முகம் ஒன்றைப் போட்டார்கள். போட்டது வாட்ஸாப்பில்.

இதெல்லாம் எனக்கும் பிடித்த கதைகள்தான். மாமாக் கடையில் உட்கார்ந்தால் நானும் கூடக் கூடப் பேசுவேன். ஆனால் பேச்சு ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று முடியும் இடத்தில் மட்டும் என்னால் தலையாட்ட முடிவதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு போன்தான். அது அம்மாவுடையது, டார்ச் லைட் வைத்த மலிவு போன். அதில் தமிழ் கிடையாது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து ஓடாது.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். வார இதழ், ஞாயிறு பத்திரிகை, கோயிலில் தரும் நோட்டீஸ் என்று எதையும் விடமாட்டார். மளிகை சுற்றி வந்த தாளைக்கூட நீவிப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். ஆனால் ரோமன் எழுத்தில் அவருக்குத் தெரிந்தது ஃபேக்டரி பஸ்ஸின் பெயர், பாகங்களின் குறியீட்டு எண்கள், எங்கள் பெயர்கள், அவ்வளவுதான்.

குறுஞ்செய்தி என்பது என்னவென்று மின்னணுவியல் படித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்-க்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். வகுத்தால் 160. தமிழ் எழுத வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற வேண்டும், அதில் ஒவ்வொன்றுக்கும் 16 பிட். வகுத்தால் 70. அந்த எழுபதிலும் நாம் எழுத்து என்று நினைப்பதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ‘அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்’ என்று எழுதினால் இடைவெளியோடு 28 போய்விடும். மூன்றே சொல்லுக்கு எழுபதில் இருபத்தெட்டு. நாலு வாக்கியம் எழுதினால் இரண்டு எஸ்.எம்.எஸ் காசு.

அதுவும் போனில் தமிழ் இருந்தால்தான். இல்லாத போனுக்கு அனுப்பினால் வரிசையாகப் பெட்டி பெட்டியாகப் போய் நிற்கும். இதற்கு வழி தேடியவர்களும் இருந்தார்கள். நம்ம ஊர் முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலுக்கே சிங்கப்பூரில் வெளிவந்துவிட்டது. ஆனால் செயலியை ஏற்ற போனில் ஜாவா ஓட வேண்டும். அம்மாவின் போனில் ஓடியது டார்ச் லைட் மட்டும்தான்.

அதனால் நாங்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினோம். அதிலும் ஒரு வித்தை இருந்தது. 6-ஆம் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் எம், இரண்டு தடவை அழுத்தினால் என். அம்மாவுக்கு எம் இரண்டு வேண்டும். முதல் எம் அடித்துவிட்டு, கர்சர் நகரும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். அவசரத்தில் அடித்தால் அம்மா ‘அனா’ ஆகிவிடுவார்.

எனக்கும் அம்மாவுக்கும் அந்த அனாகூடக் கிடையாது. எங்களிடம் இருந்தது மிஸ்கால். ஒரு தடவை அடித்து வைத்தால் டியூஷன் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் மழை, குடையோடு வாங்க. மூன்று தடவை என்றால் உண்மையிலேயே எடுக்கணும். காசு செலவில்லாத மொழி. அதில் குடை கேட்கலாம். வேறெதையும் கேட்க முடியாது.

2014-ல் மெட்ரிகுலேஷன் போனபோது இது தொண்டையை அடைத்தது. என்னிடம் பழைய ஆண்ட்ராய்டு ஒன்று வந்திருந்தது. அம்மாவிடம் அதே டார்ச் போன். அவருக்கு ஷிஃப்ட் வேலை. உற்பத்தி நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் ஓய்வாக இருக்கும்போது அவர் மைக்ரோஸ்கோப்பில் போர்டு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வெளியே வரும்போது நான் விரிவுரையில் இருப்பேன். ஆகவே செய்தி அனுப்புவேன், ஆங்கில எழுத்தில். அம்மா வீட்டுக்கு வந்ததும் போனைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். படிவம் இரண்டு படிக்கும் பிள்ளை ஒன்று அங்கே இருந்தது. அது சத்தமாகப் படித்துக் காட்டும்.

இரண்டாவது மாதம் ஒருநாள் எழுதினேன்: ‘அம்மா, எனக்கு இங்க பிடிக்கல. ஃபிசிக்ஸ் ஒண்ணுமே புரியல. வீட்டுக்கு வந்துடவா?’

அந்தப் பிள்ளை அதைப் படித்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பேர் அம்மாவிடம், “பாப்பாவுக்குப் படிப்பு வேணாமாமே?” என்று விசாரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா டாப்-அப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார். “படிச்சிடு பாப்பா,” என்றார். “இதெல்லாம் இனிமே போன்ல போடாதம்மா. ஊரே படிக்குது.”

அதன்பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஊரே படித்தாலும் பரவாயில்லாத செய்திகள். சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். மழை. ரிசல்ட் வந்தது, பாஸ். அடுத்த வருஷம் ஸ்கூடாய்க்குப் போனேன், யூ.டி.எம். நாட்டின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையில் அதே நாலு செய்தி போய்க்கொண்டிருந்தது.

2016-ல் அண்ணன் புது போன் வாங்கினார். அவருடைய பழைய ஸ்மார்ட்போன் அம்மாவுக்கு வந்தது. செல்லினம் இப்போது இலவசச் செயலி, இறக்கிக் கொடுத்தார். அதில் இரண்டு விசைப்பலகை உண்டு. அஞ்சல் என்பது ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக மாற்றும் முறை. என்னைப் போன்றவர்கள் அதில்தான் எழுதுகிறோம். அம்மாவுக்கு அது உதவாது. இன்னொன்று தமிழ்99, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. அதில் விசையிலேயே தமிழ் எழுத்து இருக்கும். ‘ம’வைத் தொடர்ந்து இரண்டு தடவை அடித்தால் முதல் ம-வுக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று அடித்தால் அம்மா. நடுவில் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. ‘பாப்பா அம்மா எழுதுறேன்.’

அவ்வளவுதான். இரவு ஷிஃப்ட் இடைவேளையில் கேண்டினில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் சர்க்யூட் அசைன்மென்டோடு விழித்திருந்தேன். உடனே பதில் போட்டேன். அதற்கு அவர் பதில் போட்டார். இரவு ஷிஃப்ட் வாரம் முழுக்க அந்த மூன்று மணி எங்களுடையதானது.

அம்மா எழுதுவார் என்பது எனக்குத் தெரியாது. பேசும்போது அம்மா சுருக்கம். சாப்டியா, தூங்கு, பணம் இருக்கா. எழுத ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே இல்லாமல் நீளமாக வரும். பாட்டி சாகும்போது சொன்னது, நான் பிறந்த அன்று பெய்த மழை, லைன் வீட்டுக் கூரையில் வளர்ந்த பூசணிக்கொடி. ஒருநாள் இப்படி வந்தது:

‘நான் ஆறாம் ஆண்டுல கட்டுரைக்கு மொத பரிசு வாங்கினேன் உனக்குத் தெரியாது புகுமுக வகுப்புக்கு டவுனுக்குப் போவணும் பஸ் காசு இல்லன்னு தாத்தா நிறுத்திட்டார் வாத்தியார் ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தார் நான் பால்மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்’

எதுக்கு ஒளிஞ்சீங்க என்று கேட்டேன்.

‘அழுதா தாத்தா பாத்துடுவாருன்னு’

கடைசி ஆண்டில் இன்னொன்று வந்தது. இன்டர்ன்ஷிப்பில் மண்டை காய்ந்துபோய், இந்த வேலையெல்லாம் எனக்குச் சரிவருமா தெரியலம்மா என்று எழுதியிருந்தேன். பதில் வரக் கொஞ்ச நேரமானது.

‘மெட்ரிக்ல நீ வீட்டுக்கு வந்துடவான்னு கேட்ட அந்தப் பிள்ள படிச்சிச்சி நான் வாம்மான்னுதான் சொல்ல நெனச்சேன் அது மூஞ்சிய பாத்துகிட்டு எப்படி சொல்றது ஞாயித்துக்கிழமைக்குள்ள மனச கல்லாக்கிட்டேன் இப்ப கேக்குற இப்ப யாரும் படிக்கல சொல்றேன் பிடிக்கலன்னா வந்துடு’

நான் போகவில்லை. இப்போது பாயான் லெப்பாஸில் சோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன், வேலையும் பிடித்துவிட்டது. ஆனால் 2014-ல் அம்மாவின் போனில் தமிழ் இருந்திருந்தால் ‘வாம்மா’ என்று பதில் வந்திருக்கும், நான் அன்றே பையைக் கட்டியிருப்பேன். அது நல்லதா கெட்டதா என்று பலமுறை யோசித்துவிட்டேன். நல்லதாகவே முடிந்தாலும், அந்தப் பதிலை எழுதவோ மறைக்கவோ வேண்டியவர் அம்மா. அந்தத் தீர்மானம் அவர் கைக்கே வரவில்லை. பழைய போனைப் பற்றிய பேச்சில் என்னால் முழுசாகச் சேர முடியாததற்குக் காரணம் இவ்வளவுதான். அந்த போன்கள் உறுதியானவை, எளிமையானவை, உண்மை. யாருக்கு எளிமை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக ஸ்மார்ட்போன் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அம்மா நிறைய எழுதியது மூன்று வருஷம் இருக்கும். பிறகு மைக் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் மைக்ரோஸ்கோப் பார்த்த கண், சின்ன விசைகளைத் தேடினால் தண்ணீர் வடிகிறது. இப்போது குரல் செய்திதான். பின்னணியில் காற்றாடி ஓடும், யார் வீட்டுச் சேவலோ கூவும். குரல் என்றதும் அம்மா மறுபடியும் சுருக்கமாகிவிட்டார். சாப்டியா, தூங்கு, கார் மெதுவா ஓட்டு. காலையில் பிள்ளையார் படத்தோடு ஒரு வணக்கம் வரும்.

அந்த மூன்று வருஷச் செய்திகளை ஒரு கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். வெறும் எழுத்துக் கோப்பு, ஒரு பழைய பாட்டை விடச் சிறியது. டார்ச் போனும் இருக்கிறது, சாமி அறை இழுப்பறையில். 2021 இறுதியில் இங்கே 3ஜி-யை நிறுத்தினார்கள், 2ஜி-யை விட்டுவைத்தார்கள். அதனால் அந்த போன் இன்னும் அடிக்கும். 2017-லேயே 2ஜி-யை மூடிவிட்ட சிங்கப்பூருக்கு எடுத்துப் போனால் வெறும் டார்ச் லைட். கரண்டு போகும் நாள்களில் அம்மாவுக்கு அது போதும்.

போன மாதம், “நீங்க முன்னாடி மாதிரி எழுதுறதே இல்லம்மா,” என்றேன். “கண்ணு வலிக்குது பாப்பா. படிக்கறதுக்கு வலிக்கல, நீ எழுது,” என்றார். அவர் போனில் எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக வைத்துக் கொடுத்தேன். ஒரு திரையில் ஏழெட்டு வரிதான் தெரியும். நானும் அஞ்சலை விட்டுவிட்டுத் தமிழ்99 பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வேகம் வரவில்லை. இப்போது எங்களுக்குள் ஏற்பாடு இதுதான். அம்மா பேசுவார், நான் எழுதுவேன்.