ஒரு கண்ணீர்த் துளி

ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தலைமுறைகளாகப் புத்தகம் வெளியிட்டு வந்த குடும்பத்தில் 1927ஆம் ஆண்டு பிறந்தவர் டிக் புரூணா. ஜேர்மனியர் ஆட்சிக் காலத்தில் குடும்பம் ஓர் ஏரிக்கரையில் ஒதுங்கி வாழ்ந்தது. அங்கே கல்வி தடைப்பட்டது, ஓவியம் வளர்ந்தது. போர் முடிந்ததும், மகன் பதிப்புத் தொழிலைக் கற்றுத் திரும்புவான் என்ற நம்பிக்கையுடன் தந்தையார் அவரை இலண்டனுக்கும் பரிசுக்கும் அனுப்பினார். பரிசிலே அவர் கற்றது மற்றீஸின் ஓவியங்களை! கத்தரித்த வண்ணத் தாள்களால் அம்முதிய ஓவியர் ஆக்கிய உருவங்கள் இளைஞரின் உள்ளத்தில் நிலைத்துவிட்டன.

ஆயினும் தந்தையின் பதிப்பகம் அவரை முற்றாக இழந்துவிடவில்லை. அதன் மலிவுப் பதிப்புகளுக்கு ஏறத்தாழ 2000 அட்டைப் படங்களை அவர் வரைந்தார். புகைவண்டி நிலையக் கடையிலே விரைந்து செல்லும் பயணியை ஒரு கணம் நிறுத்தவேண்டிய படங்கள் அவை. சிமெனோனின் துப்பறியும் கதைகளுக்கு ஒரு புகைக்குழாயே போதுமாயிற்று. குழந்தை நூல்களின் சிக்கனம் இந்த வணிகப் பயிற்சியில் விளைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1955இல் ‘நெய்ன்ச்ய’ என்னும் முயற்குட்டி பிறந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் மிஃபி. கடற்கரை விடுமுறையில் தம் சிறுமகனுக்குச் சொன்ன முயற்கதையே அதன் மூலம். முதல் நூலின் முயல் சற்றே தளர்ந்த காதுகளுடைய சாதாரண முயல்தான். 1963இல் நூல்கள் சிறு கைகளுக்கேற்ற சதுர வடிவம் பெற்றபோதே, இன்று உலகறிந்த உருவம் அமைந்தது.

இரண்டு புள்ளிகள் கண்கள்; ஒரு பெருக்கற் குறி வாய். பக்கவாட்டில் நடக்கும்போதும் முகம் மட்டும் வாசிக்கும் குழந்தையை நேராக நோக்கும். இதை யாரும் வரையலாமே எனத் தோன்றும். அவரோ ஒரு படத்துக்காக நூற்றுக்கு மேற்பட்ட வரைவுகளை ஒதுக்கியவர். மெல்லிய தாளில் வரைந்ததைத் தடித்த தாளின் மீது அழுத்தி, பதிந்த தடத்தின் வழியே கருமைத் தூரிகையை மிக மெதுவாக நகர்த்துவார். அதனாலேயே கோட்டில் ஒரு நுண்ணிய நடுக்கம் இருக்கும். அளவுகோலால் இழுத்த கோட்டுக்கு அவ்வுயிர் வராது. வண்ணங்களோ சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முதலிய சிலவே.

இம்முயல் குவளைகளிலும் படுக்கை விரிப்புகளிலும் ஏறி, பெரும் வணிகப் பொருளாயிற்று. அது அத்துணை மகிழ்ச்சிக்குரியதன்று. 2017இல் அவர் மறைந்தபோது நூல்கள் 8 கோடிக்கு மேல் விற்பனையாகியிருந்தன.

அவருடைய ஆற்றலை அளக்க 1996இல் வெளிவந்த ஒரு நூலே போதும். அதில் முயற்குட்டியின் பாட்டி இறந்துவிடுகிறாள். தூங்குகிறாள் என்றோ, தூர தேசம் சென்றாள் என்றோ பிள்ளைக்குப் பொய் சொல்லப்படுவதில்லை. பேழையும் புதைகுழியும் அதே தெளிந்த வண்ணங்களில் வருகின்றன. புருவமில்லை, வளைந்த உதடில்லை. துயரத்தைக் காட்ட அந்த வெண்முகத்தில் இடமேயில்லை. கண்புள்ளியின் கீழே ஒரே ஒரு துளி மட்டும் சேர்கிறது. பின்னர் முயற்குட்டி கல்லறைக்குச் சென்று, அன்புப் பாட்டி என்று அழைக்கிறது.