ஒறம்பரையா... நம்ம புள்ளையா?

வால்பாறையில் ராத்திரி யானை வந்துவிட்டுப் போனால்கூட நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வீட்டுக்குப் புதுசாக ஒரு குழந்தை வந்தால் மட்டும், சாயங்காலத்துக்குள் டீக்கடை, மளிகைக் கடை, பஸ் ஸ்டாண்டு மூன்று இடத்திலும் செய்தி வாசித்து முடித்திருப்பார்கள்.

'தத்து எடுத்துட்டீங்களாமே சார்?'

'இல்லீங்க, வளர்க்கிறோம்.'

'அதுக்குப் பேர்தானே சார் தத்து?'

இல்லை என்று புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிடும். இந்த ஊர்க் குளிரில் ஆறின டீயைக் குடிப்பது பெரிய பாவம்.

தத்து என்றால் சட்டப்படி நம் பிள்ளை. திரும்பிப் போகிற பேச்சே கிடையாது. நாங்கள் செய்வதற்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று பெயர். பெற்றவர்களுக்கு வியாதி, சிறை, குடி... ஏதோ ஒரு காரணத்தால் குழந்தையை வைத்துக்கொள்ள முடியவில்லை. காப்பகத்தில் ஐம்பதோடு ஐம்பத்தொன்றாக வளர்வதற்கு ஒரு வீட்டில் வளரட்டுமே என்று, குழந்தைகள் நலக் குழு பார்த்து ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 44ஆம் பிரிவு. பெற்றவர்கள் தேறிவிட்டால் குழந்தை அங்கேதான் போகவேண்டும். அதுதான் முதல் நோக்கமே. அப்படி முடியாமல் போய், 'இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம்' என்று குழு முறைப்படி அறிவித்தால், வளர்த்தவர்களே தத்துக் கேட்கலாம். முன்பு அதற்கு ஐந்து வருஷம் வளர்த்திருக்க வேண்டும். 2024ல் வந்த புது நெறிமுறையில் அதை இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள்.

இதை ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பரிடம் சொன்னேன். 'அப்படிச் சொல்லுங்க! ரெண்டு வருஷம் புரொபேஷன், அப்புறம் கன்பர்மேஷன்!' என்றார்.

'ஆமாங்க. ஆனா புரொபேஷன்ல இருக்கிறது அவ இல்லை, நாங்க!'

பின்னே? மாசாமாசம் வந்து பார்ப்பார்கள். படிப்பு, சாப்பாடு, உடம்பு எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 70 வரவேண்டும் என்று ஒரு விதி. மனுப் போட்டபோது எனக்கு 36, அவளுக்கு 35. ஆளுக்கு முப்பத்தஞ்சு - பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான் பாஸ் பண்ணினேன். (பேச்சிலர்கள் கவனிக்க: கல்யாணம் ஆகாதவர்களும் 35 வயது முடிந்தால் மனுப் போடலாம். ஆண்களுக்குப் பையனைத்தான் தருவார்கள்.)

வீட்டைப் பார்க்க ஒரு அம்மணி வந்தார், கையில் நீளமான படிவத்தோடு.

'வீட்டுல வளர்ப்புப் பிராணி ஏதாவது இருக்குங்களா?'

'வளர்ப்பு ஏதுமில்லீங்க. வந்து போறது உண்டு.'

போன மாசம் யானை சமையலறை ஜன்னலைத் தள்ளின இடத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. 'இருட்டினப்புறம் குழந்தையை வெளியே விடக்கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். போடவேண்டிய கோடுதான். எங்கள் ஊரில் சிறுத்தை படப் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை.

குழந்தை வந்தபோது ஆறரை வயசு. பெயரைச் சொல்ல மாட்டேன். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. லீவும் இல்லை, லட்சமும் இல்லை. சட்டமே இல்லாவிட்டாலும் அவள் கதையை நான் எப்படி எழுதுவது? பெரியவள் ஆனபிறகு வேண்டுமானால் அவளே எழுதிக்கொள்ளட்டும். என் மனைவி 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவாள், கொங்கு வழக்கப்படி. இதுவும் பதிலுக்கு அவளை 'அம்மிணி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குக் குழப்பம். நான் மட்டும் 'சார்'. காப்பகத்தில் ஆண்கள் எல்லோருமே சாராம்.

முதல் மூன்று வாரம் பையைப் பிரிக்கவே இல்லை. பாவாடை, சட்டை, சீப்பு, ஒரு உடைந்த ஸ்கெட்ச் பேனா - எல்லாம் பைக்குள்ளேயே. ராத்திரி படுக்கும்போது பையும் செருப்பும் வாசக்கதவு ஓரமாக இருக்கும். 'எதுக்குச் சாமி அங்கே வெச்சிருக்கே?' என்று கேட்டதற்கு, 'கூப்பிட்டா உடனே போகோணும்ல, சார்' என்றது. நானும் என் மனைவியும் அன்றைக்கு ரொம்ப நேரம் பேசிக்கொள்ளவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து என் அம்மா வந்தாள். குழந்தையை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

'ஏஞ்சாமி, இது ஒறம்பரையா, நம்ம புள்ளையா? வெவரமாச் சொல்லிப்போடு. ஒறம்பரைன்னா வடை சுடோணும். நம்ம புள்ளைன்னா வையோணும்.'

என்ன பதில் சொல்வது? முழித்தேன். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து, 'சோத்தைச் சிந்தாதடி, கழுதை!' என்று ஒரு அதட்டல். சாயங்காலம் வடையும் சுட்டாள். அந்த வாரம்தான் பை பிரிந்தது.

அவளைப் பெற்றவளைப் பார்க்க இரண்டு மாசத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போகிறோம். பெற்றவர்கள் வந்து பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இருக்கவும் வேண்டும். இங்கிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை உண்டு. அம்மிணி கணக்குப் படித்ததே அதில்தான். இறங்கும்போது 40, 39, 38... ஏறும்போது 1, 2, 3... ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் வரையாடு நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இருபதாவதுக்குள் வாந்தி. எலுமிச்சம்பழம் என் டிபார்ட்மெண்ட்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். நீண்ட நாள் வைத்தியம். முதல் தடவை பார்த்தபோது எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தாள். குழந்தை ஓடிப்போய் 'அம்மா' என்று மடியில் விழுந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே! கிளம்பும்போது அந்தப் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'தலை நல்லா பின்னிவிட்டிருக்கீங்கக்கா' என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

ஆபீஸில் ஒருத்தர், 'மாசம் 4,000 கவர்ன்மெண்ட் குடுக்குதாமே, லாபந்தான்!' என்றார். ஆமாம் சார், வாந்தி எடுத்த ஸீட்டைத் துடைத்ததற்குக் கண்டக்டருக்குக் கொடுத்தது போக மிச்சம் லாபம்தான்.

போன மாசம் கருமலை பாலாஜி கோயிலுக்குப் போயிருந்தோம். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும் கேட்டேன், 'என்ன வேண்டிக்கிட்டே?'

'அந்தப் புள்ளைக்குச் சீக்கிரம் குணமாகோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க.'

கொஞ்ச தூரம் நடந்தாள்.

'அப்புறம்... மெதுவாக் குணமானாலும் பரவாயில்லேன்னும் சொன்னேன்.'

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

குணமாகிவிட்டது. ஒரு மில்லில் வேலைக்குப் போகிறாளாம். ரூம் பார்க்க, கொஞ்சம் பணம் சேர்க்க ஆறு மாசம் டயம் கேட்டிருக்கிறாள். எங்கள் இரண்டு வருஷத்துக்கும் கிட்டத்தட்ட அதே ஆறு மாசம்தான் பாக்கி. அவள் வந்து நின்றால் இரண்டு வருஷத்துக்கு அர்த்தம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். போன தடவை சுவரைப் பிடிக்காமல் நின்றாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அம்மிணிக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. நேற்று ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, 'வால்பாறைப்பா, கீழே ஸ்வெட்டர் போடுவாங்களா?' என்று கேட்டது. ('சார்' போய் 'வால்பாறைப்பா' ஆகி நாலு மாசம் ஆகிறது.)

'கீழே வெயிலு சாமி. ஸ்வெட்டர் வேண்டியதில்லை.'

'அப்ப இதை என்ன பண்றது?'

போட்டிருந்த ஸ்வெட்டர் முழங்கைக்கு ஏறி, குட்டையாகிக் கிடந்தது. மழைக்காலம் வருகிறதே என்று சாயங்காலம் மூன்று பேரும் பஜாருக்குப் போனோம். கடைக்காரர் சரியான அளவில் ஒன்றை எடுத்துப் போட்டார். என் மனைவி அதைத் தள்ளி வைத்துவிட்டு, 'ஒரு சைஸ் பெரிசாக் குடுங்க' என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பர்ஸை எடுத்தேன்.