எட்டு பொத்தான்களும் ஒரு பழைய பொய்யும்

பொன்மலைச் சந்தையைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. இந்த வாரம் என் பேரனைப் பற்றியும், அவனுடைய பாட்டுப் பெட்டியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் அதோடு சேர்ந்து வருகிறது.

என் மகள் வயிற்றுப் பேரன் டிப்ளமோ முடித்தவன். வார நாட்களில் ரயில்வே தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு, சனி ஞாயிறில் கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. நம் காலத்து சவுண்ட் சர்வீஸ்காரர் செய்த வேலைதான், ஆனால் குழாய் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு மடிக்கணினியும், இரண்டு வட்டத் தட்டுகள் பதித்த ஒரு பலகையும். அந்தப் பலகையில் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே எட்டு ரப்பர் பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் விளக்கு எரியும்.

அந்தப் பொத்தான்கள் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டேப் ரெக்கார்டரில் மூன்று இலக்க கவுண்டர் இருந்தது நினைவிருக்கும். கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி 000 வைத்துவிட்டு, நமக்குப் பிடித்த பாட்டு 147-ல் வருகிறது என்று அட்டையில் பென்சிலால் குறித்து வைப்போம். அமெரிக்காவில் எழுபதுகளில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற டி.ஜே., இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல அந்தக் கோட்டைப் பார்த்துப் பாட்டில் வேண்டிய இடத்தைப் பிடித்தாராம். இன்றைக்கு அந்தக் கோடு கணினிக்குள் போய்விட்டது. பாட்டு ஓடும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடம் பதிந்துவிடும். பிறகு எப்போது அதே பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அந்த இடத்துக்குத் தாவும். இதற்குக் கியூ பாயின்ட் என்று பெயர்.

பதிந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு. திரையிலும் அதே நிறம், பொத்தானின் விளக்கிலும் அதே நிறம். என்ன நிறம் வேண்டும் என்று ஓடுகிற பாட்டை நிறுத்திக் கேட்க முடியாதல்லவா? அதனால் மென்பொருள் தானாகவே ஒன்றைக் கொடுத்துவிடும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே நிறம் கொடுக்கலாம், அல்லது முதல் பொத்தானுக்கு ஒன்று, இரண்டாவதற்கு வேறொன்று என்று வரிசைப்படி கொடுக்கலாம். இதுதான் டீஃபால்ட் நிறம். கேட்காமல் வருகிற நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கதைக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது மேளம் அதிர ஆரம்பிக்கும் இடத்திலிருந்து பாட்டு வர வேண்டும். அன்று குழுத் தலைவரின் கணினியை இவன் இயக்கினான். அவர் பச்சை என்றால் ஆரம்பம், சிவப்பு என்றால் முடிவு என்று தன் வசதிக்கு நிறம் மாற்றி வைத்திருந்தார். ஆனால் பொத்தான் வரிசை பாட்டுக்குப் பாட்டு வேறு. ஒரு பாட்டில் பச்சை மூன்றாவது பொத்தானில் இருக்கும், இன்னொன்றில் ஐந்தாவதில். விளக்கை அணைத்துவிட்டார்கள், கதவு திறந்தது, இவன் அழுத்தினான். பாட்டின் கடைசி நான்கு விநாடி கேட்டது, அதோடு மண்டபமே நிசப்தம். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றாராம்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்தது.

அந்தக் கணினி அன்று இரவு எங்கள் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் காலை அவன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். "எங்கே, காட்டு பார்ப்போம்" என்றேன். பாட்டின் அலைக்கோட்டின் மேல் எட்டு சின்னக் கொடிகள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"இதிலே பச்சை எதுடா?"

அவன் ஒன்றைக் காட்டி, கொஞ்சம் யோசித்து, பக்கத்திலிருந்ததற்கு விரலை நகர்த்தினான். எனக்கும் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து மகள் காபி கொண்டு வந்தாள். "பாப்பா, இந்தக் கொடியெல்லாம் என்ன நிறம், வரிசையா சொல்லு" என்றேன். நின்றபடியே கடகடவென்று சொன்னாள்: "சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், பச்சை, ரோஸ், வெளிர்நீலம், ஊதா. எதுக்குப்பா?"

நானும் பேரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எட்டு பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்தது மூன்றோ நான்கோதான்.

அன்றுதான் அந்தப் பொய்யை எடுத்து வெளியே வைத்தேன். 1976-ல் எனக்கு ரயில் இன்ஜின் வேலைக்குப் போக ஆசை. எழுத்துத் தேர்வு தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள், நடுவில் ஓர் எண். டோக்கியோவில் ஷினோபு இஷிஹாரா என்ற கண் மருத்துவர் 1917-ல் வெளியிட்ட சோதனை அது. முதல் பக்கத்தில் 12. அது எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே வைத்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்து நான் தைரியமாக 3 என்றேன். அங்கே இருந்தது 8. சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்களுக்கு அந்த 8, 3 ஆகத் தெரியும். இன்னொரு பக்கத்தில் 74 இருந்தது, நான் 21 என்றேன். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார்.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வீடனில் 1875-ல் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகுதான், ஹோம்கிரென் என்ற பேராசிரியர் ரயில்வே ஊழியர்களுக்கு நிறப் பார்வைச் சோதனை வேண்டும் என்று வற்புறுத்தினார். நானூறு ஐந்நூறு பேரை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு சிவப்பு சிவப்பாகத் தெரிந்தே ஆக வேண்டும். பிறகு நான் வேறு தேர்வு எழுதி எழுத்தரானேன். வீட்டில் கேட்டவர்களிடம் "இன்ஜின் வேலைக்கு உயரம் போதலையாம்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். கண்ணில் குறை என்று சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி போகும்வரை அவளுக்கும் தெரியாது.

இந்தக் குறை தாய்வழியில் வருவது. என்னிடமிருந்து என் மகனுக்குப் போகாது. மகளுக்குப் போகும், ஆனால் அவள் கண்ணில் தெரியாது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகனுக்கு நிறமெல்லாம் சரியாகத் தெரிந்ததைப் பார்த்து, என்னோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். மகளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சைக்குத்தானேப்பா படிக்கிறான். ஒரு வருஷமா கோச்சிங் ஃபீஸ் கட்டறேன். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அதே புத்தகம். பேரன் முதல் பக்கத்தில் 12 என்றான். இரண்டாவதில் "மூணு" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்ஜின் கனவு அங்கேயே முடிந்தது. சிக்னலின் நிறத்தை எங்கள் இருவருக்காக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் பாட்டுப் பெட்டியின் நிறத்தை மாற்றலாமே! வீட்டுக் கணினியில் அவன் வைத்திருப்பது மிக்ஸ். காசில்லாமல் கிடைப்பது. 2001-ல் டென்மார்க்கில் ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆரம்பித்து, பிறகு உலகமெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்தது. அதில் அவன் சுமார் 600 பாட்டுகளுக்குப் புள்ளி போட்டிருந்தான். எப்போதும் தானே வரிசையாகப் போட்டதால், நிறத்தைப் பார்க்காமல் இடத்தை வைத்தே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான். தன் கண்ணில் வித்தியாசம் இருப்பது அவனுக்கே தெரியாமல் போனது அதனால்தான்.

அமைப்புகளில் நிறங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நமக்கு வேண்டிய நிறங்களை அடுக்கி ஒரு தட்டு தயார் செய்து, புதுப் புள்ளிகள் அந்த வரிசைப்படி நிறம் வாங்கும்படி சொல்லிவிடலாம். அங்கேதான் என் எழுத்தர் புத்திக்கு வேலை கிடைத்தது. கணினிக்கு நிறம் என்பது மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 255, 0, 0 என்றால் சிவப்பு. யாரையும் கேட்காமல், சந்தேகமில்லாமல் இதுதான் சிவப்பு என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். பேரன் சிரித்துவிட்டான்.

எங்கள் இருவர் கண்ணுக்கும் தகராறு இல்லாத நிறங்களைத் தேடினோம். வெள்ளை நின்றது, மஞ்சள் நின்றது, நீலமும் நின்றது. ஆனால் முழு நீலம் கறுப்புத் திரையில் அமுங்கிப்போனது. நடு எண்ணை 128-க்கு ஏற்றியதும் பளிச்சென்று வந்தது. எட்டு நிறம் வேண்டும் என்ற ஆசையை விட்டோம். நான்கு வேலைதானே இருக்கிறது? முதல் பொத்தான் ஆரம்பம், வெள்ளை. இரண்டாவது பல்லவி, மஞ்சள். மூன்றாவது நடுவில் தாவும் இடம், நீலம். நான்காவது முடிவு, மங்கிய சாம்பல். வெள்ளையும் சாம்பலும் குழம்பாதபடி நடுவில் இரண்டு பொத்தான் தள்ளி வைத்தாயிற்று. புள்ளிக்குப் பெயரும் எழுதலாம் என்பதால் "எடு", "பாட்டு", "தாவு", "முடி" என்று எழுதினோம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீஃபால்ட்டை மாற்றினால் இனி போடுகிற புள்ளிகளுக்குத்தான் புது நிறம். பழைய புள்ளிகள் பழைய நிறத்தோடுதான் இருக்கும். அவற்றுக்குத் தனி ஜன்னல் இருக்கிறது: இந்த நிறம் இருந்தால் அந்த நிறமாக்கு என்று மொத்தமாக மாற்றலாம். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். பொத்தான் மாறிக் கிடந்தவற்றைக் கையால் சரிசெய்ய மூன்று இரவுகள் ஆயின.

இதைச் செய்யும்போது எனக்குப் பழைய கைகாட்டி மரம் ஞாபகம் வந்தது. பகலில் டிரைவர் அதன் நிறத்தை நம்ப வேண்டியதில்லை. கை நேராக நின்றால் நில், இறங்கியிருந்தால் போ. இரவில் மட்டும்தான் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும். நிறம், இடம், பெயர் மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால், ஒன்று ஏமாற்றினாலும் மற்றது காப்பாற்றும்.

பேரன் குழுத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். இனி தன் கணினியைத்தான் கொண்டுவருவேன் என்றும் சொல்லியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா உன்னை அப்படிக் கேட்டிருக்க மாட்டேனே தம்பி" என்றாராம். மகள் என்னிடம் சொன்ன அதே வார்த்தை.

போன முகூர்த்தத்தில் ஒரு வரவேற்புக்கு என்னையும் அழைத்துப் போனான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. இருட்டில் வெள்ளைப் பொத்தான் தனியாகத் தெரிந்தது. அழுத்தினான், மேளம் சரியாக விழுந்தது.

திரும்பி வரும் வழியில், "இன்ஜின் ஓட்ட முடியலைன்னு உங்களுக்கு இன்னும் வருத்தமா தாத்தா?" என்று கேட்டான். "ஓட்ட முடியாதது ஆறிப்போச்சுடா. பொய் சொன்னதுதான் ஆறலை" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓட்டினான். சந்திப்பு சிக்னலில் மேல் விளக்கு எரிந்தது, நின்றான்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் எந்தக் குழந்தையாவது கிரேயான் எடுக்கும்போது தடுமாறினால் சும்மா விடாதீர்கள். ஐந்து நிமிடச் சோதனைதான். தாத்தாவுக்கு இருந்ததா என்றும் கேளுங்கள். அடுத்த வாரம் கட்டாயம் சந்தைக் கட்டுரை.