வெள்ளிப் பேப்பர் வைத்தியம்

செமஸ்டர் முடிந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு ஃபியூஸ் புராணம். பி.காம். படிக்கிறவனுக்கு ஃபியூஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2025 ஆடி மாதம் வரைக்கும் எனக்கும், "பீஸ் போயிருச்சு" என்றால் விசிறி மட்டையைத் தேட வேண்டும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஊர் ராஜபாளையம். என் தாய்மாமா, மில்லுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கினார். இருபது வயசு வண்டி. (எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். நடந்ததில் வண்டி மேல் தப்பே இல்லை.) சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பிளைவுட்டில் படுக்கை, நடுவில் சின்ன அடுப்பு மேடை, ஒரு தண்ணீர் டேங்க் என்று ஆளே மாறிப்போனது வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி இந்த மாதிரி மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தது தனிக் கதை. வெளிநாட்டில் இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். பக்கத்துக் கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் பெயர் 'மாமா வண்டி'. குற்றால சீசன், சபரிமலை எல்லாவற்றுக்கும் அதுதான்.

லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார் வயரிங்கை மாமாவே போட்டார். வீடு கட்டியபோது மிஞ்சிய வயர். எல்லாம் சேர்த்து ஒரே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ்.

ஆடிப்பூரத் தேருக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மாச்சியையும் என் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினோம். 12 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் தேர் அன்றைக்குக் காலையில் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. முதல் நாளே போய் வண்டியில் படுத்துக்கொண்டால், எழுந்தவுடன் கோபுரம் தெரியும் என்பது மாமாவின் கணக்கு. 11 நிலை, 192 அடி. எங்கே நிறுத்தினாலும் தெரியத்தான் செய்யும் :-)

வழியிலேயே ஃபேன் நின்றது. மாமா ஃபியூஸை மாற்றினார். ஊருக்குள் நுழையும்போது வேகத்தடையில் ஏறி இறங்கினோம், மறுபடியும் போனது. இன்னொன்று போட்டார். வண்டியை நிறுத்திப் பின்கதவைச் சாத்தினோம், அதுவும் போனது. கையில் இருந்த ஃபியூஸ் காலி. ராத்திரி பத்து மணி, ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாம் மூடியாச்சு. உள்ளே புழுக்கம், கொசு. அம்மாச்சிக்கு ஆஸ்துமா வேறு.

"மாப்ள, அந்தப் பெட்டிக்கடையில போய் சிகரெட் அட்டைக்குள்ள இருக்க வெள்ளிப் பேப்பர் ஒண்ணு வாங்கிட்டு வா."

நான்தான் போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். மாமா அதைப் போன ஃபியூஸ் மேல் சுற்றிச் சொருகினார். ஃபேன் ஓடியது. எனக்கு மாமா பெரிய விஞ்ஞானி மாதிரி தெரிந்தார்.

ஒரு மணி இருக்கும். ஏதோ வாடை. பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி. பக்கத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அம்மாச்சி இருமிக்கொண்டே, "ராசா, தலைமாட்டுல சுடுதுப்பா" என்றார். அவர் தலைக்குப் பக்கத்துப் பிளைவுட்டைத் தொட்டேன். இட்லிச் சட்டி மூடி மாதிரி இருந்தது.

மாமா ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதற்குள் நான் அம்மாச்சியைத் தூக்காத குறையாக இறக்கினேன். தங்கை தூக்கக் கலக்கத்தில் அழுதாள். பலகையைப் பிரித்தால், வயர் முழுக்கத் தோல் உருகி, மரம் கருப்பாகப் பிடித்திருந்தது. இரண்டு முழம் தள்ளி கேஸ் அடுப்பு. யாரும் பேசவில்லை. காலையில் தேர் இழுத்ததை நான் சரியாகப் பார்த்தேனா என்றே நினைவில்லை.

ராஜபாளையம் திரும்பி, ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருத்தரிடம் வண்டியை விட்டோம். அவர் முதலில் கேட்டது, "போன ஃபியூஸெல்லாம் எங்க?" தூக்கிப் போடாமல் மாமா சட்டைப் பையில் வைத்திருந்தார். அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். லோடு கூடிப் போன ஃபியூஸில் கம்பி நடுவில் நிதானமாக உருகி அறுந்திருக்கும், கண்ணாடி மாதிரி மூடி சுத்தமாக இருக்கும். ஷார்ட் ஆகிப் போனதில் உள்ளே கரி தெறித்திருக்கும். எங்களுடையது மூன்றும் கருப்பு.

மாமா, "வெறும் 12 வோல்ட்தானே அண்ணாச்சி, கையால தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே" என்றார். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம் போல. ஷாக் அடிக்காது. சூடு ஏறும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட் பல்பு வீட்டில் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் சொச்சம் இழுக்கும், வண்டியில் அதே 60 வாட் 5 ஆம்பியர் இழுக்கும். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லைட் 10, ஃபேன் 24, மோட்டார் 60, ஆக 94 வாட். 8 ஆம்பியர்கூட இல்லை. 10 ஆம்பியர் ஃபியூஸ் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அது காப்பாற்றுவது ஃபேனை அல்ல, வயரை. வயர் தாங்குவதற்கு முன்னால் தான் அறுந்துகொள்ள வேண்டும், அதுதான் அதன் உத்தியோகம். நாங்கள் அதற்கு வெள்ளிச் சட்டை போட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டோம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கருகிய துண்டை வெட்டிவிட்டுத் தற்காலிகமாக வேறு வயர் இணைத்தார். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார். லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். அப்படியும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எங்கோ கரண்ட் பாடிக்கு ஓடுகிறது என்று அர்த்தம். பல்பு 5 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் நிதானமாகத் தேடலாம், ஃபியூஸும் வீணாகாது. மோட்டார் வயரைக் கழற்றினார், எரிந்தது. ஃபேனைக் கழற்றினார், எரிந்தது. பின்பக்க லைட்டுக்குப் போகிற வயரைப் பிடித்து ஆட்டினார். பல்பு அணைந்து அணைந்து எரிந்தது.

"இந்தா இருக்கான் பாருங்க தம்பி."

பின்கதவு ஓரத்தில் தகரத்தில் ஓட்டை போட்டு வயரை நுழைத்திருந்தார் மாமா. அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. வேகத்தடையிலும் கதவைச் சாத்தியபோதும் ஃபியூஸ் போனது அதனால்தான். இடம் துருப்பிடித்திருந்ததால் முழுசாகத் தொடாமல் அரைகுறையாகத் தொட்டு, ராத்திரி முழுக்கச் சூடேறியிருக்கிறது. குற்றவாளியின் விலை ரெண்டு மூணு ரூபாய்!

எனக்கு ட்ரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம், மிச்சமில்லாமல் வகுபட்டால் எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம். பாதியாக்கிப் பார்ப்போம், அந்தத் தொகை தப்பான பக்கம் விழுந்திருக்கலாம். அதற்கெல்லாம் பொறுமை இல்லாதவன் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு டேலி பண்ணிவிட்டுப் பரீட்சை ஹாலை விட்டு வெளியே வருவான். நான் நிறைய தடவை வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சியிடம் மாமா ரொம்ப நேரம் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளிப் பேப்பர் வாங்கி வந்தது நான்தான் என்று அப்போது நானும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் வீட்டில் தெரியப்போகிறது.

இப்போது வண்டியில் லைட், ஃபேன், மோட்டார் மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ், பேட்டரி பக்கத்தில் மெயின் ஃபியூஸ் ஒன்று. எல்லா ஓட்டைக்கும் ரப்பர். எது எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று மூடியின் உள்பக்கம் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது: 5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஸ்பேர் ஃபியூஸ்கள் பழைய பால்கோவா டப்பா ஒன்றில் இருக்கின்றன. போன தடவை குற்றாலம் போகும்போது அம்மாச்சி ஆசையாக அதைத் திறந்து பார்த்துவிட்டு, மாமாவைத் திட்டிக்கொண்டே மூடி வைத்தார்.