தினு நாயனா!

தெலுங்கு பாஷையில் நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட முதல் வார்த்தைகளை நாம் வசவு என்றே எடுத்துக்கொண்டோம். அந்தப் பிழையை நேயர்களிடம் இன்று ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

அது 1961-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை. நமக்கு வயது ஒன்பது. நம் தகப்பனார் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவர். தாயார் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நமது மூன்றாம் பிராயத்திலேயே தாயார் காலமாகிவிட்டதால், அவர் முகமும் நினைவில்லை; அவர் பாஷையும் நம்மிடம் வந்து சேரவில்லை. தகப்பனார் அரக்கோணத்தில் ரயில் மாற்றி நம்மை அழைத்துச் சென்று, தாயாரைப் பெற்ற அம்மம்மாவிடம் விட்டுத் திரும்பினார். நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மம்மாவுக்கு, கடைத்தெருவில் விலை கேட்கும் அளவுக்குத்தான் தமிழ் தெரியும்.

முதல் வேளை இலை போட்டாயிற்று. சோற்றில் பருப்பையும் நெய்யையும் விட்டுப் பிசைந்து வைத்து, எதிரே உட்கார்ந்து, "தினு நாயனா!" என்றாள் அம்மம்மா. நம் ஊரில் மனிதர்கள் சாப்பிடுவார்கள், மாடுதான் தின்னும். போதாக்குறைக்கு 'நாய்' வேறா! கையை உதறிவிட்டு எழுந்தோம். அம்மம்மாவின் முகம் வாடிற்று. அடுத்த வேளையும் அதே உபசாரம், அதே கோபம். மூன்றாம் நாள் மாமாவிடம் முறையிட்டோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடே அசடே! தெலுங்கிலே 'தினு' என்றால் சாப்பிடு. 'நாயனா' என்றால் 'என் அப்பனே' என்று கொஞ்சுவது!"

அன்றிலிருந்து பாஷைப் பாடம் இலையிலேயே நடந்தது. சட்டியும் கையுமாக வந்து "பெருகு?" என்பாள், ஆசீர்வாதம் என்று தலை குனிந்தால் தயிர் வந்து விழும். 'சாலு' என்றால் போதும். உப்பு இரு பாஷைக்கும் உப்பேதான்.

ஒரு நாள் புளிச்சக்கீரையை எண்ணெயில் வதக்கி, வறுத்த மிளகாயும் பூண்டும் உப்பும் கூட்டி அம்மியில் அரைத்துப் பரிமாறினாள். ஒரு கவளம் உள்ளே சென்றதும், புளிப்புத் தாங்காமல் நமது இடது கண் மட்டும் இறுக மூடிக்கொண்டது. அம்மம்மா பிரமித்து நின்றாள். உள்ளே ஓடிப்போய்த் தாயாரின் புகைப்படத்தைக் கொண்டு வந்து, அதைச் சுட்டிக் காட்டி, தன் இடது கண்ணை மூடிக் காண்பித்தாள். சிரித்தாள், உடனே புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நம்மைப் பெற்றவரைப் பற்றி நாம் அறிந்த முதல் செய்தி அது. அதைத் தெரிவிக்க வார்த்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாலையில் மலை மேல் அழைத்துப் போவாள். படிகள் 365. முத்துஸ்வாமி தீக்ஷிதர் இத்தலத்துக்கு வந்தபோது, முருகன் கிழவர் வேஷத்தில் தோன்றி அவர் வாயில் கற்கண்டை இட்டதாகவும், அது கரைந்ததும் கீர்த்தனம் பிறந்ததாகவும் ஐதிகம். அம்மம்மாவும் நம் வாயில் கற்கண்டு இட்டாள். பாட்டு வரவில்லை, "இன்கா!" என்ற தெலுங்குச் சொல்தான் வந்தது. 'இன்னும்' என்று பொருள்.

அதற்கு முந்திய வருஷம், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான், ஸ்ரீ ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்திருந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பல ஆந்திரம் சென்றன. ஜனங்களின் பாஷையிலேயே ராஜாங்கம் நடக்க வேண்டும் என்பது நியாயந்தான். ஆயினும் கோடு எங்கே விழுந்தாலும், அதன் இருபுறமும் இரு பாஷை வீடுகள் இருக்கத்தான் செய்தன. அம்மம்மாவின் பிறந்தகம் அந்தப் பக்கம். புகுந்தகம் இந்தப் பக்கம்.

1974-இல் அவள் படுத்த படுக்கையானாள். யார் ஊட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று மாமா கடிதம் எழுதினார். போனோம். தயிர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தோம். பெரியவர்களை மரியாதையாகச் சொல்லும் முறை தெலுங்கிலும் உண்டென்று அதற்குள் அறிந்திருந்தோம். ஆனால் வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"தினு, அம்மம்மா!"

வாயைத் திறந்தாள். நாலு கவளம் உட்கொண்ட பிறகு, நம் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாலு, நாயனா."