ஊன்றுகோல் தந்த ஈசன்

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று மாலை வீட்டு வாசலில் அகல்களுக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தேன். வார்க்கும் வரை கை சீராகவே இருந்தது. வேலை முடிந்து திண்ணையில் அமர்ந்து கையை மடிமீது வைத்தபோது, சும்மா கிடந்த வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஜபமாலை உருட்டுவதுபோல் தாமாக அசையத் தொடங்கின. கையில் மாலை இல்லை. மேல்துண்டால் கையை மூடிக்கொண்டேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். தகப்பனார் வலைத்தொழில் செய்தவர். என்னைப் படிக்க வைத்தார். நான் ஆசிரியனாகி ஓய்வும் பெற்றேன். இப்போது வயது 67. நாள்தோறும் விடியற்காலையில் ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது பல ஆண்டுப் பழக்கம். கார்த்திகைக்குப் பின் ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது நெஞ்சு துணுக்குற்றது. சில மாதங்களாகவே எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே வந்து, பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகியிருந்தன. பிறகு இடக்கால் மரத்துப் போகலாயிற்று. ஏரிக்கரை ஈரமணலில் செருப்பு கழன்று விழுந்ததை அறியாமலே பத்தடி நடந்துவிட்டேன்.

பொன்னேரி மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்படி சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஓர் அம்மையார் விரல்களைத் தட்டச் சொல்லியும், நடக்கச் சொல்லியும், சுருள்கோடு வரையச் சொல்லியும் நெடுநேரம் கவனித்தார். “ஐயா, இது நடுக்குவாதமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கால் மரத்துப் போவதற்கு வைட்டமின் பி12 குறைவுகூடக் காரணமாகலாம். அப்படியானால் ஊசியாலும் மாத்திரையாலும் சரிசெய்ய வழியுண்டு. கைக்கு ஒரு காரணம், காலுக்கு வேறொரு காரணம் என்றும் இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, மூளை ஸ்கேன் எல்லாம் பார்த்த பின்பே சொல்ல முடியும். அதுவரை நீங்களாக இதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்” என்றார். மூன்று வாரம் கழித்து வரும்படி நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்பர்களே, நோயைவிடக் கொடியது அந்த மூன்று வாரம். பகலில் எப்படியோ பொழுது போய்விடும். இரவில், கலங்கரை விளக்கத்தின் ஒளி ஜன்னலைத் தொட்டுச் செல்லும்போதெல்லாம் கையை நீட்டிப் பார்ப்பேன். நடுங்குகிறதா என்று பார்க்கும் அச்சத்திலேயே கை அதிகமாக நடுங்கும். அச்சமும் பதற்றமும் நடுக்கத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னது உண்மையே. நாளை எனக்கு யார் சோறு ஊட்டுவார், யார் குளிப்பாட்டுவார் என்று வராத நாள்களையெல்லாம் ஒரே இரவில் வாழ்ந்து முடிப்பேன். இத்தனை ஆண்டு ஐந்தெழுத்து எழுதியும் இவ்வளவுதானா நம் பக்தி என்று வெட்கமும் சேர்ந்துகொள்ளும். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ‘கண் பரிசோதனைக்கு’ என்று பொய் சொல்லித்தான் சென்னைக்குப் போய்வந்தேன்.

ஸ்கேன் எடுக்கப் போன நாளில்தான் மனம் சற்றுத் தெளிந்தது. பொன்னேரியிலிருந்து செல்லும் மின்ரயில் எண்ணூரைக் கடந்து திருவொற்றியூரில் நின்றது. எத்தனையோ முறை கடந்து சென்ற நிலையந்தான். அன்று பெயர்ப்பலகையைக் கண்டதும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் நினைவுக்கு வந்தார். ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்துச் சங்கிலியாரை மணந்து, பின் திருவாரூர் வசந்த விழாவின் நினைவால் அவர் சொல் தவறிப் புறப்பட்ட ஊர் இது. ஊரின் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் மறைந்தன. இறைவனுக்கே தோழர் என்று பெயர் பெற்றவர், அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அவருக்குப் பார்வை உடனே திரும்பிவிடவில்லை. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் கிடைத்தன. அதற்கு முன்பே, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள திருவெண்பாக்கத்தில், ‘இங்கே இருக்கிறீரா’ என்று அவர் உருகிக் கேட்க, ‘இருக்கிறோம், நீ செல்’ என்னும் பொருளில் விடை வந்தது. கண் தரவில்லை; ஓர் ஊன்றுகோலைத் தந்தான் ஈசன்.

அடுத்த பிரதோஷத்துக்கு அங்கே போக வேண்டும் என்று தோன்றியது. தனியே போகக் காலில் தெம்பில்லை. அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “உங்க கை நடுங்குறது ஆடி மாசத்துலேயே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். நான் அவளைக் காப்பதாக எண்ணி மறைத்திருந்தேன்; அவளோ என்னைக் காப்பதற்காக அறியாதவள்போல் இருந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இருவருமாகத் திருவள்ளூர் வழியே பூண்டிக்குச் சென்றோம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தில் பழைய திருவெண்பாக்கம் மூழ்கிவிட, கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டினார்கள். சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்றே திருநாமம். அம்பிகை மின்னொளியம்மை, பார்வையற்று நடந்த அடியவருக்கு மின்னலாய் வழி காட்டியவள் என்பர். மின்னலில் தெரிவது ஊர்வரைக்குமான வழியன்று; அடுத்த அடி மட்டுமே. நந்தியின் கொம்பு ஒன்று உடைந்திருக்கிறது. கண் கேட்டால் கோல் தருகிறாயா என்று சினந்து சுந்தரர் அதை வீசியெறிந்தபோது உடைந்ததாம். அந்த நந்தியின் முன் வெகுநேரம் நின்றேன். தம்பிரான் தோழருக்கே கோபமும் கலக்கமும் வந்தன. அதனால் அவர் அடியாரல்லர் என்று ஆகிவிடவில்லை. என் வெட்கம் அங்கேயே கழன்றது.

வீடு திரும்பிய மறுநாள், இன்றும் ஏரியில் தொழில் செய்யும் என் தம்பியிடமும் சொன்னேன். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் படும் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைத் திருவுளச்சீட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கிழிந்த வலையைத் தைத்தபடியே அவன் சொன்னான்: “அண்ணா, எங்க பாடு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டா இருக்கோம்? கண்ணி கோத்துக்கிட்டு இருக்கோம். இறா படுமா படாதான்னு அன்னிக்குத்தான் தெரியும். வலை சரியா இருக்கணும், அது மட்டுந்தான் நம்ம வேலை.”

அதையே செய்து வருகிறேன். ஐந்தெழுத்து நோட்டின் கடைசிப் பக்கங்களில், எந்த நாள், எந்த நேரம், கை எவ்வளவு நேரம் நடுங்கியது, கால் எங்கே மரத்தது என்று குறித்து வைக்கிறேன்; மருத்துவருக்கு அது உதவும். இரவில் நோயைப் பற்றி எண்ணுவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாலையில் விளக்கேற்றிய பின் அரைமணி நேரம் திண்ணையில் மனைவியோடு அமர்ந்து அஞ்சுவதையெல்லாம் வாய்விட்டுப் பேசிவிடுகிறேன். பேசிவிட்டவை இரவில் அவ்வளவாக வருவதில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். மெல்ல வரும் நடுக்கத்துக்கு மருத்துவர் குறித்த நாள்வரை காத்திருக்கலாம். ஆனால் திடீரென வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ செயலிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ காத்திருத்தல் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம். நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு முடிவு தெரியாது. வரும் வியாழக்கிழமை தெரியும். நடுக்கத்தைப் போக்கு என்று இப்போதும் வேண்டுகிறேன். அதோடு, எது வந்தாலும் ஊன்றி நடக்க ஒரு கோல் தா என்றும் வேண்டுகிறேன். பின்னது ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று படுகிறது. வியாழக்கிழமை என் மனைவியும் உடன் வருகிறாள். திருவொற்றியூர் வரும்போது இருவரும் எழுந்து நின்று கும்பிட்டுக்கொள்வோம்.